இளம் ஐஸ் ஹாக்கி வீரரின் வளர்ச்சியைப் பற்றி வாதிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வட அமெரிக்காவின் உயர்நிலை ஐஸ் ஹாக்கி லீக் என்.எச்.எல். அதன் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். 1993-ஆம் ஆண்டு டிராஃப்டில் ஒட்டாவா அணி அலெக்சாந்தர் டேக்லை முதல் வீரராக எடுத்தது. முதல் சீசனிலேயே அவர் 84 ஆட்டங்களில் 51 புள்ளிகள் சேர்த்தார் (ஒரு கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிவகுத்த பாஸான அசிஸ்டுக்கு ஒரு புள்ளி). 1997-இல் பாஸ்டன் அணி முதல் வீரராக எடுத்தது ஜோ தோர்ன்டனை. அவருடைய முதல் சீசனில் 55 ஆட்டங்கள், 3 கோல், 4 அசிஸ்ட், ஆக மொத்தம் 7 புள்ளிகள். அந்த முதல் சீசன்களை மட்டும் வைத்து யாராவது வாதிட்டிருந்தால் டேக்லின் பக்கம் பேசியவர் எளிதாக வென்றிருப்பார். பிறகு நடந்தது வேறு. டேக்ல் தன் வாழ்நாளில் எந்தச் சீசனிலும் 51 புள்ளிகளைத் தாண்டவில்லை. தோர்ன்டன் 2005-06-இல் 125 புள்ளிகளோடு, லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றார், மொத்தத்தில் 1,500 புள்ளிகளைக் கடந்தார், 2025-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

இதைச் சொல்வது எண்களைத் தூக்கி எறிவதற்காக இல்லை. 18, 19 வயது வீரரைப் பற்றி ‘நட்சத்திரமா, வீணா?’ என்று கேட்டால், கையில் இருக்கும் எந்தத் தகவலாலும் அதற்கு நேர்மையான பதில் தர முடியாது. பதில் தரக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: அடுத்த சீசனில் இந்த வீரருக்கு என்ன தேவை? எந்த லீக், எந்த வரிசை (சேர்ந்து களமிறங்கும் முன்கள வீரர்களின் குழு; முதல் வரிசையில் சிறந்தவர்கள்), எவ்வளவு ஆடும் நேரம், எந்தக் குறையின் மீது வேலை? வாதத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் இரு தரப்பும் ஏதாவது கற்றுக்கொள்ளும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

வளரும் வீரர்களைப் பற்றிய விவாதத்தில் நான்கு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவரை அந்த இடத்தில் எடுத்தது சரியா? இன்று அவர் எப்படி ஆடுகிறார்? அணி அவரைச் சரியாக வளர்க்கிறதா? 24 வயதில் அவர் எப்படிப்பட்ட வீரராக இருப்பார்? ஒருவர் முதல் கேள்விக்கு ஆதாரம் காட்ட, எதிரே இருப்பவர் மூன்றாவது கேள்விக்கு மறுப்புச் சொல்ல, இரவு முழுக்கப் பேசினாலும் வாதம் நகராது.

யெசே புல்யுயார்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிராஃப்டில் எட்மன்டன் அவரை நான்காவதாக எடுத்தது. அதற்கு அடுத்து ஆறாவது இடத்தில் கால்கரிக்குக் கிடைத்தவர் மேத்யூ காச்சக். இன்று திரும்பிப் பார்த்து ‘எப்படிக் காச்சக்கை விட்டார்கள்?’ என்று கேட்பது சுலபம். ஆனால் அந்த ஆண்டு தொடக்கத்தில் உலக ஜூனியர் போட்டியில் பின்லாந்து தங்கம் வென்றபோது, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றவர் புல்யுயார்வி. டிராஃப்டுக்கு முன் அவரை முதல் மூன்றில் வைத்தவர்கள் ஏராளம். ஆகவே அன்று தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வில் குறை காண்பது கடினம். அதற்குப் பின் 18 வயதில் அவரை என்.எச்.எல்.-இல் 28 ஆட்டங்கள் ஆடவைத்து, பின்னர் அதற்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.-க்கு அனுப்பியது தனி விவாதம். அங்கே கடுமையாகக் குறை சொல்ல இடம் இருக்கிறது. அதைத் தேர்வின் தவறாகச் சொன்னால் வாதம் பிழையாகிவிடும்.

பேசத் தொடங்கும்போதே ‘நான் பேசுவது அணி வளர்த்த விதத்தைப் பற்றி’ என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

2. பிறந்த தேதியைப் பாருங்கள், டிராஃப்ட் ஆண்டை அல்ல

விவாதங்களில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் தகவல் இதுதான். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்தவர்கள் அந்த ஆண்டு டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். செப்டம்பர் 16-இல் பிறந்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இதனால் ஒரே டிராஃப்டில் எடுக்கப்படும் இரண்டு இளைஞர்களிடையே ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு வயது வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் ஓர் ஆண்டு என்பது உடல் வலிமையிலும் வேகத்திலும் மிகப் பெரிய இடைவெளி.

ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் முந்திப் பிறந்திருந்தால் கானர் மெக்டேவிட்டோடு 2015 டிராஃப்டில் இருந்திருப்பார். காத்திருக்க வேண்டியிருந்த அந்த ஆண்டில் அவர் ஜூரிக் நகரின் அணியில், சுவிட்சர்லாந்தின் உயர்நிலை லீக்கில், வளர்ந்த ஆண்களுக்கு எதிராக ஆடி 36 ஆட்டங்களில் 46 புள்ளிகள் எடுத்தார். 2016-இல் டொரோண்டோ அவரை முதல் வீரராக எடுத்தபோது, அதே டிராஃப்டின் 1998 வசந்தகாலத்தில் பிறந்த வீரர்களைவிட அவர் ஏழெட்டு மாதம் மூத்தவர். அவருடைய திறமையை இது குறைக்கவில்லை. ஒப்பிடும்போது மட்டும் அந்த மாதங்களை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு இணை: ஜேக் ஹியூஸ் 2019-இன் முதல் தேர்வு, அலெக்சி லாஃப்ரெனியே 2020-இன் முதல் தேர்வு. ஓர் ஆண்டு இடைவெளி என்று தோன்றும். ஹியூஸ் பிறந்தது 2001 மே மாதம், லாஃப்ரெனியே அதே ஆண்டு அக்டோபர். இடைவெளி வெறும் ஐந்து மாதம். ‘முதல் சீசனில் ஹியூஸுக்கு 21 புள்ளி, லாஃப்ரெனியேக்கும் 21 புள்ளி’ என்று சமன் செய்பவர்கள், அந்த 21-ஐ எடுத்தபோது லாஃப்ரெனியே ஹியூஸைவிட மூத்தவராக இருந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

நாட்காட்டி ஆண்டுக்குள்ளும் ஒரு சாய்வு இருக்கிறது. கனடாவில் சிறுவர் ஹாக்கி ஜனவரி 1-ஐ எல்லையாக வைத்து வயதுப் பிரிவுகளை அமைக்கிறது. ஆகவே ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிடப் பெரியவனாக, வேகமானவனாக இருப்பான். நல்ல அணியில் இடமும் நல்ல பயிற்சியும் அவனுக்கே முதலில் கிடைக்கும். ஜூனியர் லீக்குகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதை 1980-கள் முதலே ஆய்வாளர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் டிராஃப்டில் தங்கள் தகுதிக்குக் கீழே எடுக்கப்படுகிறார்கள் என்றும் பின்னாளில் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு வீரரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது பெயருக்கு அடுத்து நான் பிறந்த மாதத்தைத்தான் எழுதுவேன். புள்ளிகள் பிறகு வரட்டும்.

3. லீக்கையும் ஆடும் நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள்

ஒரு ஜூனியர் லீக்கில் எடுத்த 80 புள்ளியும் ஸ்வீடனின் உயர்நிலை லீக்கான எஸ்.எச்.எல்.-இல் எடுத்த 10 புள்ளியும் எதிரெதிரே வைக்கக்கூடியவை அல்ல. கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளிலும் 16 முதல் 20 வயது வரையிலானவர்கள் தங்கள் வயதினரோடு ஆடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் எதிரே நிற்பவர் 23 வயதுக்காரராகவும் இருக்கலாம். ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் உயர்நிலை லீக்குகளில் குடும்பம் குழந்தை உள்ள, பதினைந்து ஆண்டு அனுபவம் பெற்ற தொழில்முறை வீரர்கள் எதிரே வருவார்கள்.

லூகாஸ் ரேமண்ட் இதற்கு நல்ல பாடம். டிராஃப்டுக்கு முந்தைய 2019-20 சீசனில் ஃப்ரோலுண்டா அணிக்காக எஸ்.எச்.எல்.-இல் 33 ஆட்டங்களில் அவர் எடுத்தது 10 புள்ளிகள். வெறும் எண்ணாகப் பார்த்தால் மிகச் சாதாரணம். ஆனால் 17 வயது இளைஞர், கோப்பைக்குப் போட்டியிடும் அணியின் கீழ் வரிசைகளில், குறைந்த நேரமே களமிறங்கி எடுத்த புள்ளிகள் அவை. டெட்ராய்ட் அவரை நான்காவதாக எடுத்தது. 2021-22-இல் தன் முதல் என்.எச்.எல். சீசனில் அவர் 57 புள்ளிகள் எடுத்தார்.

லீக்குகளை ஒப்பிட ஒரு கணக்கு முறை இருக்கிறது. ஒரு லீக்கிலிருந்து என்.எச்.எல்.-க்கு வந்தவர்கள் அங்கே எடுத்த புள்ளிகளையும் இங்கே எடுத்த புள்ளிகளையும் ஒப்பிட்டு, அந்த லீக்குக்கு ஒரு விகிதம் கண்டுபிடிப்பார்கள். பின்னர் இளம் வீரரின் புள்ளிகளை அந்த விகிதத்தால் பெருக்கி ‘என்.எச்.எல். சமமதிப்பு’ என்று சொல்வார்கள். பயனுள்ள கருவிதான், வெவ்வேறு நாட்டு வீரர்களை ஒரே அளவுகோலில் வைக்க அது இல்லாமல் முடியாது. அதன் ஓட்டையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த விகிதம் என்.எச்.எல்.-க்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. வராமல் போனவர்கள் அதில் இல்லை. ஆடும் நேரமும் பொதுவாக அதில் சேராது. எட்டு நிமிடம் ஆடும் 17 வயதுக்காரரையும் இருபது நிமிடம் ஆடுபவரையும் அது ஒரே கண்ணால் பார்க்கும்.

எனவே புள்ளிகளைச் சொல்லும்போதெல்லாம் கூடவே இரண்டைச் சொல்லுங்கள்: சராசரியாக எத்தனை நிமிடம் ஆடினார், எந்த வரிசையில் ஆடினார். கிடைக்காவிட்டால் அந்தப் புள்ளிகளுக்கு வாதத்தில் குறைந்த எடை கொடுங்கள்.

4. புள்ளிகளை உடைத்துப் பாருங்கள்

70 புள்ளி எடுத்த இருவரில் ஒருவருக்குப் பாதி, பவர் பிளேயில் வந்திருக்கும். எதிரணியில் ஒருவர் பெனால்டியில் உட்கார்ந்திருக்க, விரிந்த இடத்தில் பக்கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் வட்டை) நகர்த்தும் திறமை அது. நல்ல திறமைதான், ஆனால் என்.எச்.எல்.-இல் முதல் பவர் பிளே பிரிவில் ஐந்து பேருக்குத்தான் இடம். அங்கே இடம் கிடைக்காத இளைஞர் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் என்ன செய்வார் என்பதுதான் முதல் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

அசிஸ்ட்களையும் பிரியுங்கள். கோலுக்கு நேரடியாகப் பாஸ் கொடுத்தவருக்கும் அதற்கு முந்தைய பாஸ் கொடுத்தவருக்கும் ஐஸ் ஹாக்கி சமமாகப் புள்ளி கொடுக்கிறது. இரண்டாவது வகை அசிஸ்ட்கள் சீசனுக்குச் சீசன் அதிகம் ஏறி இறங்கும். கோல்களில் பார்க்க வேண்டியது எத்தனை ஷாட்டுக்கு எத்தனை கோல் என்பது. ஷாட்களில் நான்கில் ஒன்று கோலாகிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு அந்த விகிதம் இறங்கும் என்று எதிர்பாருங்கள். கோல் குறைந்ததும் ‘பின்னடைவு’ என்று கூச்சலிட வேண்டாம். மாறாக, ஷாட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் கோல் மட்டும் வராத வீரரைக் கைவிடாதீர்கள்.

கூட ஆடியவர் யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். லீக்கின் சிறந்த 20 வயது சென்டருக்கு (நடு முன்கள வீரருக்கு) அருகே ஆடும் விங்கரின் (பக்கவாட்டு முன்கள வீரரின்) புள்ளிகளில் எவ்வளவு அவருடையது என்பதை, அந்தச் சென்டர் காயத்தால் விலகியிருந்த வாரங்களில் தேடலாம்.

5. முழு ஆட்டத்தைப் பாருங்கள்

கோல் தொகுப்பு வீடியோ ஒரு வீரரின் சிறந்த இருபது நொடிகளைக் காட்டும். வளர்ச்சியைப் பற்றி வாதிட அது போதாது. மூன்று முழு ஆட்டங்களை எடுத்து, அந்த வீரர் களமிறங்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் (களமிறங்கியதிலிருந்து மாற்றப்படும் வரை) பக்கை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். ஓர் ஆட்டம் அவர் நன்றாக ஆடியது, ஒன்று மோசமாக ஆடியது, ஒன்று சாதாரணமானது என்று அமைந்தால் நல்லது.

எதைப் பார்ப்பது? பாஸ் வருவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாரா? இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பக் வந்து சேரும் முன்பே அடுத்த செயலை முடிவு செய்திருப்பவருக்கு, வேகமான லீக்குக்குப் போனாலும் நேரம் மிச்சமிருக்கும். பக் வந்த பிறகு யோசிக்கத் தொடங்குபவர், ஜூனியரில் தன் கைத்திறமையால் தப்பித்துக்கொள்வார். மேலே போனதும் அந்த அரை நொடி அவருக்குக் கிடைக்காது.

தற்காப்பு வீரரானால், எதிரணி வீரர் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து வரும்போது மூலையில் கிடக்கும் பக்கை எடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். நடுவில் இருக்கும் துணை வீரரிடம் சேர்க்கிறாரா, களத்தைச் சுற்றியுள்ள பலகையில் அடித்துவிட்டுக் கையைக் கழுவுகிறாரா? எதிரணி உள்ளே வரும்போது தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலேயே எதிர்கொள்கிறாரா, கோல் வரை பின்வாங்கிக்கொண்டே போகிறாரா?

பிறகு, பார்த்த குறைகளை மாறக்கூடியவை, எளிதில் மாறாதவை என்று பிரியுங்கள். உடல் வலிமை கூடும். ஸ்கேட்டிங்கும் பலர் நினைப்பதைவிட அதிகமாகத் திருத்தக்கூடியது. பிரேடன் பாய்ன்ட் 2014-இல் 79-ஆவதாக எடுக்கப்பட்டபோது உயரக் குறைவும் ஸ்கேட்டிங்கும் அவர் மீதான சந்தேகங்கள். டாம்பா பே அணிக்காகப் பணியாற்றிய முன்னாள் உலக ஸ்கேட்டிங் சாம்பியன் பார்ப் அண்டர்ஹில்லோடு அவர் உழைத்தார். இன்று அவருடைய முதல் சில அடிகளின் வேகம்தான் எதிரணியின் கவலை. ஆனால் ஆட்டத்தைப் படிக்கும் அறிவு 19 வயதுக்கு மேல் அந்த அளவு மாறி நான் பார்த்தது குறைவு. ‘ஸ்கேட்டிங் சரியில்லை’ என்று ஒருவரைத் தள்ளுவதற்கும் ‘ஆட்டம் புரியவில்லை’ என்று தள்ளுவதற்கும் நான் ஒரே எடை கொடுப்பதில்லை.

6. பாதையைப் பற்றிய வாதம்: இங்கேதான் நேரம் செலவிடுங்கள்

எந்த லீக்கில் ஆட வேண்டும் என்பதே வளர்ச்சி விவாதத்தின் மையம். இதில் பேசுவதற்கு முன் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அணியிடம் இல்லாத வழியைக் காட்டி ‘ஏன் அப்படிச் செய்யவில்லை’ என்று திட்டுபவர்கள் அதிகம்.

நீண்ட காலமாக இருந்துவந்த ஏற்பாட்டின்படி, கனடிய ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட 20 வயது நிறையாத வீரருக்கு இரண்டே வழிகள்: என்.எச்.எல்.-இல் ஆடுவது, அல்லது ஜூனியருக்குத் திரும்புவது. நடுவில் இருக்கும் ஏ.எச்.எல். அவருக்கு மூடியிருக்கும். ஐரோப்பிய அணியிலிருந்து நேராக வந்த அதே வயது வீரருக்கு அது திறந்திருக்கும். புல்யுயார்வியை 18 வயதில் ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப முடிந்தது அதனால்தான். இந்த இறுக்கத்தை 19 வயதினருக்குத் தளர்த்தும் முயற்சி என்.எச்.எல்.-உம் வீரர் சங்கமும் 2025-இல் உடன்பட்ட புதிய கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், கனடிய ஜூனியரில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் சேரவும் வழி திறந்தது. மெடிசின் ஹாட் அணியின் கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது இந்த மாற்றத்தால். எனவே பழைய உதாரணத்தை எடுத்து வாதிடும்போது அந்த ஆண்டின் விதி என்ன என்று பாருங்கள்.

ஒப்பந்த விதியும் முக்கியம். 18 அல்லது 19 வயதில் கையெழுத்திட்டவர் அந்தச் சீசனில் பத்துக்குக் குறைவான என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடினால், அவருடைய தொடக்க ஒப்பந்தம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். ஒன்பதாவது ஆட்டத்தோடு ஒரு பதின்வயது வீரர் திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்தால், அதில் வளர்ச்சி பற்றிய கவலையும் பணக் கணக்கும் கலந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கி, ‘அவர் தயாராகவில்லை என்று அணியே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி உதாரணங்கள். லியோன் ட்ரைசைட்டில் 2014-இன் மூன்றாவது தேர்வு. எட்மன்டன் அவரை உடனே என்.எச்.எல்.-இல் இறக்கியது; 37 ஆட்டங்களில் 2 கோல், 7 அசிஸ்ட். சீசனின் நடுவில் அவரை ஜூனியருக்கு அனுப்பினார்கள். கெலோனா அணிக்குச் சென்று, லீக் பட்டம் வென்று, கனடிய ஜூனியரின் இறுதிப் பட்டத்துக்கான மெமோரியல் கோப்பைத் தொடரில் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அடுத்த சீசனை ஏ.எச்.எல்.-இல் தொடங்கி, அழைக்கப்பட்டதும் 72 ஆட்டங்களில் 51 புள்ளிகள். 2019-20-இல் ஹார்ட் கோப்பை அவருக்கு. இதிலிருந்து சிலர் ‘அவசரப்படுத்தினாலும் கெடவில்லை’ என்கிறார்கள். சிலர் ‘திருப்பி அனுப்பியதால் பிழைத்தார்’ என்கிறார்கள். என் பார்வையில் இரண்டாவது வாதத்துக்கு ஆதாரம் கூடுதல், ஏனென்றால் கெலோனாவில் அவருக்குக் கிடைத்தது என்.எச்.எல்.-இல் கிடைக்காத ஒன்று: ஆட்டத்தின் கடினமான நிமிடங்களில் பக் தன்னிடமே இருப்பது.

கேல் மக்கார் 2017-இல் நான்காவதாக எடுக்கப்பட்டார். அவர் ஆடிக்கொண்டிருந்தது ஆல்பர்டா மாநிலத்தின் ஒரு இரண்டாம் நிலை ஜூனியர் லீக். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு இருந்தார். முதலாண்டு 34 ஆட்டங்களில் 21 புள்ளிகள், இரண்டாமாண்டு 41 ஆட்டங்களில் 49 புள்ளிகள், கல்லூரி ஹாக்கியின் உயர்ந்த விருதான ஹோபி பேக்கர். 2019 ஏப்ரலில் கல்லூரி இறுதி ஆட்டம் முடிந்த இரண்டு நாளில் கொலராடோவுக்காக என்.எச்.எல். பிளேஆஃபில் (பட்டத்துக்கான சுற்றுகளில்) களமிறங்கி கோல் அடித்தார். 2022-இல் லீக் பட்டமான ஸ்டான்லி கோப்பையும், சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் கோப்பையும், பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் ஒரே ஆண்டில் வந்தன. முதலாண்டு முடிவிலேயே அவரை இழுத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த இரண்டாமாண்டில் அவர் தன் லீக்கை முழுமையாக ஆண்டார் என்பது கண்கூடு. ஒரு நிலையில் முழு ஆதிக்கம் காட்டிய பிறகு அடுத்த நிலைக்குப் போவது என்ற விதியைத்தான் நான் பொதுவாக ஆதரிக்கிறேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான சாட்சிகள் உண்டு. ஜேக் ஹியூஸ் ஏ.எச்.எல்.-இல் காலடி வைக்கவில்லை, என்.எச்.எல்.-இலேயே 21, 31, 56 என்று ஏறி, 2022-23-இல் 99 புள்ளிகளைத் தொட்டார். 2022-இன் முதல் தேர்வான யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் சீசனில் 39 ஆட்டங்களில் 10 புள்ளிகள்தான் எடுத்து, காயத்தால் வெளியேறினார். மான்ட்ரியால் அவரை ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப வேண்டும் என்று பெரும் குரல் எழுந்தது. அணி அனுப்பவில்லை, அடுத்த சீசனில் அவர் 82 ஆட்டங்களில் 50 புள்ளிகள் எடுத்தார், அதிலும் சீசனின் பிற்பாதியில் முதல் வரிசையில் இடம் கிடைத்த பிறகு வேகமாக.

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்தால் ‘அவசரமா, பொறுமையா’ என்ற கேள்வியே தளர்ந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் தெரிவது வேறொன்று: எந்த லீக்காக இருந்தாலும் நல்ல துணை வீரர்களோடு, போதுமான நேரம், தவறு செய்தால் அடுத்த ஷிஃப்டிலும் இறக்கப்படும் நம்பிக்கை. என்.எச்.எல்.-இன் நான்காம் வரிசையில் எட்டு நிமிடம் ஆடி, மூன்றில் ஓர் ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் 19 வயது வீரர்தான் எனக்குப் பெரிய கவலை. அவர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அப்படி ஒருவரைப் பற்றிய விவாதம் வந்தால் தயங்காமல் அணியைக் குறை சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘டெட்ராய்ட் எவ்வளவு பொறுமையாக இருந்தது பாருங்கள்’ என்று பாவெல் தத்ஸ்யுக்கையும் (1998, 171-ஆவது) ஹென்ரிக் செட்டர்பெர்க்கையும் (1999, 210-ஆவது) காட்டுவது வழக்கம். இருவரும் ஐரோப்பாவில் வளர்ந்து 2001-இலும் 2002-இலும் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே பொறுமையோடு காத்திருந்து ஒன்றும் ஆகாதவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. உதாரணம் காட்டும்போது வென்றவரை மட்டும் எடுக்காமல், அதே வயதில், அதே லீக்கில், அதே அளவு புள்ளி எடுத்த எல்லோரையும் பட்டியலிட்டு, அவர்களில் எத்தனை பேர் 200 ஆட்டங்கள் ஆடினார்கள் என்று பாருங்கள். சலிப்பூட்டும் வேலைதான். வாதத்தை மாற்றும் வேலையும் அதுதான்.

7. இடத்துக்கு ஏற்ற கடிகாரம்

கோல்கீப்பர்களைப் பற்றி 20 வயதில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பின்னாளில் நட்சத்திரங்களான மூவரைப் பாருங்கள். ஹென்ரிக் லண்ட்க்விஸ்ட் 2000-இல் 205-ஆவது தேர்வு, என்.எச்.எல்.-இல் முதல் ஆட்டம் 2005-இல். கானர் ஹெல்லபக் 2012-இல் 130-ஆவது. இகோர் ஷெஸ்டர்கின் 2014-இல் 118-ஆவது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோலில் முதலில் நின்றது 2020 ஜனவரியில். தற்காப்பு வீரர்கள் முன்கள வீரர்களைவிடத் தாமதமாகப் பழுப்பது வழக்கம்: 2009-இன் இரண்டாவது தேர்வான விக்டர் ஹெட்மன் நோரிஸ் கோப்பையைத் தொட 2018 வரை ஆனது. முன்கள வீரர்களிடம் மட்டும், 22, 23 வயதில் ஓரளவு உறுதியாகப் பேசலாம்.

8. கணிப்பை எழுதி, தேதி போடுங்கள்

‘இவர் பெரிய ஆளாக வருவார்’ என்பதை யாரும் பொய்யாக்க முடியாது. அதனால் அதற்கு மதிப்பும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இந்த விங்கர் அடுத்த சீசன் முடிவதற்குள் ஏ.எச்.எல்.-இல் முதல் இரண்டு வரிசைகளில் நிலையான இடம் பிடிப்பார். நான் இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு தருகிறேன். மார்ச் மாதத்தில் அவர் இன்னும் நான்காம் வரிசையில் இருந்தால், காயம் காரணமாக இல்லாத பட்சத்தில், என் மதிப்பீட்டைக் குறைப்பேன்.’ இதில் கால எல்லை இருக்கிறது, வாய்ப்பின் அளவு இருக்கிறது, எந்தத் தகவல் உங்கள் மனத்தை மாற்றும் என்பதும் இருக்கிறது. எதிரே வாதிடுபவரிடமும் இதே மூன்றையும் கேளுங்கள். தர மறுப்பவரோடு மேலே பேசுவது நேர விரயம்.

ஒரு அணியின் மேலாளரைக் குறை சொல்லும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். அவர் முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது, என்ன வழிகள் திறந்திருந்தன என்பதை வைத்து எடைபோடுங்கள். நல்ல முடிவு கெட்ட விளைவைத் தரலாம். தவறான முடிவு அதிர்ஷ்டத்தால் தப்பலாம்.

9. பேசப்படுபவர் 18 வயதுக்காரர்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எனக்கு இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பல இளைஞர்கள் 16 வயதில் வீட்டை விட்டு வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஆடுகிறார்கள். சிலர் மொழி தெரியாத நாட்டுக்கு வருகிறார்கள். அவருடைய ஸ்கேட்டிங்கைக் கடுமையாக விமர்சியுங்கள், முடிவெடுக்கும் வேகத்தை விமர்சியுங்கள். ‘சோம்பேறி’, ‘மனத்திடம் இல்லாதவர்’ என்பதெல்லாம் தொலைக்காட்சி வழியாக யாருக்கும் தெரியாதவை. காயத்தைப் பற்றி ஊகம் வேண்டாம். தலைக்காயத்தைப் பற்றி ஒருபோதும் வேண்டாம்.

10. எப்போது மீண்டும் பார்ப்பது

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கருத்தை மாற்றினால் அது கருத்தாகவே இருக்காது. ஜூலையில் நடக்கும் வளர்ச்சி முகாம்களில் இருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அங்கே எதிரே நிற்பவர்களில் பலர் தொழில்முறை வீரராகவே ஆகப்போவதில்லை. செப்டம்பர் பயிற்சி ஆட்டங்களில் உடல் வலிமையும் முதல் அடியின் வேகமும் கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், புள்ளிகளை மறந்துவிடுங்கள். டிசம்பர் 26-இல் தொடங்கும் உலக ஜூனியர் போட்டியைக் கொண்டாடிப் பாருங்கள், ஆனால் ஓர் அணிக்கு அதிகபட்சம் ஏழு ஆட்டம்தான். 60 ஆட்டங்களில் கட்டிய மதிப்பீட்டை அந்த ஏழு கவிழ்க்கக் கூடாது. பிப்ரவரி பிற்பாதியில், அவருடைய ஆடும் நேரமும் வரிசையும் அக்டோபரிலிருந்து எப்படி நகர்ந்திருக்கின்றன என்று பாருங்கள்; பயிற்சியாளர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது பேட்டிகளில் கிடைக்காது, அந்த நிமிடங்களில் கிடைக்கும். ஏப்ரலில், எழுதி வைத்த கணிப்பை எடுத்து, இன்னும் மூன்று முழு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனுக்கான கேள்வியைப் புதிதாக எழுதுங்கள்.